மழைநீர் எங்கே போகும், காசு எங்கே போகும்: மொன்டெவெர்டே மேகக்காட்டு நடைபாதைகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

1992 மார்ச்சில், கோஸ்டா ரிகாவின் மலையூரான சான்டா எலெனாவில் ஒரு பள்ளிக்கூடம் காட்டைத் திறந்துவைத்தது. 310 ஹெக்டேர் மேகக்காடு, உள்ளே புதிதாக வெட்டிய நடைபாதைகள், வாசலில் நுழைவுச்சீட்டு. நிலம் அரசுடையது. நடத்துவது அவ்வூர்த் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அதே மலைமுகட்டில், இருபது ஆண்டுகளாக இன்னொரு காப்புக்காடு இருந்துவந்தது. உலகெங்கும் பெயர் பெற்ற மொன்டெவெர்டே மேகக்காடு அது. ஒன்று இருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று எதற்கு?

இரண்டின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கிறது. ஊர் காத்துவரும் காட்டுக்குள் பொதுமக்களுக்கு நடைபாதை போடுவது என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பறவை, மரம், பெயர்ப்பலகை, பார்வை மேடை. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே முடிவாக வேண்டியவை இரண்டு: பாதையில் விழும் மழைநீர் எங்கே போகும், வாசலில் விழும் காசு எங்கே போகும். மொன்டெவெர்டேயில் முதல் கேள்விக்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆயின. இரண்டாவது கேள்வியைத் தள்ளிப்போட்டதன் விளைவாகவே பள்ளிக்கூடத்துக் காடு பிறந்தது என்பது என் கணிப்பு.

தண்ணீருக்காக விட்டுவைத்த காடு

மொன்டெவெர்டே ஊரின் கதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஃபேர்ஹோப் என்ற இடத்தில் தொடங்குகிறது. அங்கிருந்த குவேக்கர்கள் போரையும் ஆயுதத்தையும் ஏற்காத கிறித்தவப் பிரிவினர். 1948-இல் வந்த கட்டாய ராணுவச் சேர்க்கைச் சட்டத்தின் கீழ்ப் பெயர் பதிய மறுத்த இளைஞர்கள் நால்வர் சிறைக்குப் போனார்கள். வெளியே வந்ததும், படையே இல்லாத நாடு ஏதாவது உண்டா என்று தேடினார்கள். கோஸ்டா ரிகா 1948 டிசம்பரில்தான் தன் ராணுவத்தைக் கலைத்திருந்தது. 1951-இல் சுமார் 40 பேர் திலாரான் மலைத்தொடரில் ஏறிக் குடியேறினார்கள். மாடு வளர்த்தார்கள், சில ஆண்டுகளில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையும் வந்தது.

அவர்கள் வாங்கிய நிலம் ஏறக்குறைய 1,400 ஹெக்டேர். அதில் மேட்டுப் பகுதியில் இருந்த 554 ஹெக்டேர் காட்டில் கோடரி வைப்பதில்லை என்று ஊர் கூடி முடிவு செய்தது. காரணம் ரொம்ப எளிமையானது. குவாசிமால் ஆற்றின் நீர்ப்பிடிப்பு அந்தக் காடுதான். வீட்டுக்கும் மாட்டுக்கும் சிறு நீர்மின் உற்பத்திக்கும் அந்தத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. சுற்றுலா என்ற பேச்சே அப்போது கிடையாது. அழகுக்காகக் காக்கப்படும் காட்டுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக வக்காலத்து வாங்க ஆள் வேண்டும். குடிதண்ணீருக்காகக் காக்கப்படும் காட்டுக்கு அந்தக் கவலை குறைவு.

மேகக்காடு நீர் சேர்க்கும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும், பாதையின் தலையெழுத்தும் அதில்தான் இருக்கிறது. கரீபியக் கடலிலிருந்து வரும் வணிகக் காற்று ஈரத்தோடு மலையில் மோதி மேலேறி, முகட்டில் மேகமாகத் தவழ்கிறது. இலையும் பாசியும் மரத்தில் தொற்றி வளரும் செடிகளும் அந்த மேகத்திலிருந்து துளிகளை வடித்தெடுக்கின்றன. மழை பெய்யாத நாளிலும் காட்டுத்தரை நனைந்துகொண்டே இருக்கும். திறந்த வெளியில் வைத்த மழைமானியில் இந்த நீர் கணக்கில் வராது. நம் சோலைக்காடுகளில், வானம் வெளுத்த காலையிலும் பாசிக்கிளைகள் சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆற்றுக்கு இது வரம். பாதை போடுகிறவருக்கோ, மண் ஒரு நாளும் முழுதாகக் காயாது என்று பொருள்.

ஊர்க்கூட்டத்து முடிவு இருபது ஆண்டுகள் தாங்கியது. 1970-களின் தொடக்கத்தில் சுற்றுவட்டாரத்தில் காட்டை வெட்டி நிலம் பிடிப்பது வேகமெடுத்தது. காட்டை அழித்துப் பயிர் வைத்தால் அதையே நிலத்தை மேம்படுத்தியதாகக் கருதி உரிமை கொண்டாடச் சட்டத்தில் இடம் இருந்த காலம் அது. பறவைகளை ஆராய வந்த ஜார்ஜ் பவல், அவருடைய மனைவி ஹாரியட், ஊர்க்காரரான வில்ஃபோர்ட் கின்டன் ஆகிய மூவரும் முன்னின்று 1972-இல் 328 ஹெக்டேரைக் கொண்டு காப்புக்காட்டைத் தொடங்கினார்கள். 1975-இல் நிர்வாகம் தலைநகர் சான் ஹோசேயைத் தலைமையிடமாகக் கொண்ட வெப்பமண்டல அறிவியல் மையத்திடம் போனது. குவேக்கர்களின் 554 ஹெக்டேரும் அதே நிர்வாகத்தின் கீழ் வந்தது, ஆனால் விற்கப்படவில்லை. ஊர்க்காரர்கள் போஸ்கெதெர்னோ என்ற பெயரில் ஒரு நிறுவனம் அமைத்து, நிலத்தின் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, பராமரிப்பை மட்டும் குத்தகையாக ஒப்படைத்தார்கள்.

ஊர்க்காட்டைத் திறக்க நினைக்கும் எவரும் இந்த ஏற்பாட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். பாதை போடத் தெரிந்த அமைப்பிடம் வேலையைக் கொடுப்பது வேறு, நிலத்தையே கொடுப்பது வேறு. திறமை இல்லாத நிர்வாகத்தை மாற்றிவிடலாம். கைவிட்டுப்போன பட்டாவைத் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது.

காவலுக்குப் போட்ட தடம்

கின்டன் பால்பண்ணைக்காரர், மரம் வெட்டும் இயந்திர வாள் விற்றவரும்கூட. பிற்பாடு அதே காட்டின் காவலராகிப் பல பத்தாண்டுகள் எல்லை நடந்தார். அந்த மலையின் ஆரம்பப் பாதைகளில் பலவற்றில் அவர் கைவேலை உண்டு. நிலம் பிடிப்பவர்களையும் வேட்டைக்காரர்களையும் கண்காணிக்கவும், ஆய்வாளர்கள் தங்கள் இடத்துக்குப் போய்வரவும் பிறந்த தடங்கள் அவை.

இப்படிப் பிறந்த பாதைகளுக்கு ஒரு நன்மையும் ஒரு கெடுதலும் உண்டு. காவலர் தினமும் நடக்கும் தடத்தில் பார்வையாளர்களும் நடந்தால் கண்காணிப்புக்குத் தனிச் செலவில்லை. கூடுதல் கண்கள் இருப்பதே வேட்டையைத் தள்ளிவைக்கும். கெடுதல் என்னவென்றால், காவலர் குறுக்கு வழி தேடுபவர். எல்லைக்கோடு செங்குத்தாக ஏறினால் அவரும் செங்குத்தாக ஏறுவார். வாரத்துக்குச் சிலர் நடக்கும்வரை அதனால் ஒன்றும் ஆகாது. அதே தடத்தில் நாளுக்கு நூறு பேரை விட்டால், அடுத்த மழைக்காலத்துக்குள் அது ஓடையாகிவிடும். உலகில் பல இடங்களில் காவல் தடத்தையும் மாட்டுத்தடத்தையும் அப்படியே எடுத்துப் பெயர்ப்பலகை நட்டு இயற்கை நடைபாதை என்று அறிவித்துவிடுகிறார்கள். பழைய தடத்தைக் காட்டை அறிய உதவும் வரைபடமாக வைத்துக்கொள்ளலாம். பொதுப்பாதையின் தடத்தைத் தனியாகக் குறிப்பதே முறை.

சேறு

பார்வையாளர் எண்ணிக்கை ஏறியபோது மொன்டெவெர்டே பாதைகளின் முதல் எதிரியாக வந்தது சேறு. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இங்கே தோற்ற பாதைதான் பிறகு மற்ற எல்லாவற்றிலும் தோற்கிறது.

காட்டுத்தரையில் முதலில் நடப்பவர் சருகையும் பாசியையும் மிதிக்கிறார். சில பத்து முறை மிதிபட்டதும் சருகுப் படலம் போய்விடுகிறது. அடியில் கருத்த, பஞ்சு போன்ற மண். மழைநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தவை அதிலுள்ள நுண்ணிய இடைவெளிகள்தான். கால்பட்டு அவை அமுங்குகின்றன. நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே தேங்குகிறது. அடுத்து வருபவர் குட்டையைப் பார்த்து ஓரமாகக் கால் வைக்கிறார். அவருக்கு அடுத்தவர் இன்னும் ஓரமாக. ஒரு மீட்டர் பாதை மூன்று நான்கு மீட்டர் ஆகிறது. ஓரத்து நாற்றுகள் நசுங்கி, வேர்கள் தோல் உரிந்து வெளியே தெரிகின்றன. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. செருப்பு நனையாமல் நடக்கப் பார்ப்பது மனித இயல்பு. அந்த இயல்பை எதிர்பார்க்காமல் போட்ட பாதையில்தான் குறை.

அமெரிக்க வனச்சேவையின் டேவிட் கோல் போன்றோர் மிதிபாட்டை வைத்துச் செய்த சோதனைகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. சேதத்தின் பெரும்பகுதி முதல் கொஞ்ச மிதிகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்குமேல் எத்தனை பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. கூட்டத்தைப் பல தடங்களில் பரப்பிவிட்டால் காட்டுக்குச் சுமை குறையும் என்று தோன்றலாம். ஈரமான, எளிதில் நசுங்கும் தரையில் நிகழ்வது அதற்கு நேர்மாறு: பத்துத் தடங்களிலும் முதல் மிதிச் சேதம் முழுதாக விழும். எல்லாரையும் ஒரே தடத்தில் விட்டு, அந்தத் தடத்தைக் கெட்டிப்படுத்தி, மீதியைத் தொடாமல் விடுவதே காட்டுக்கு லாபம்.

எதை வைத்துக் கெட்டிப்படுத்துவது? மொன்டெவெர்டேயில் மரத்துண்டுகளை வட்ட வில்லைகளாக அறுத்துத் தரையில் பதித்தார்கள். வழுக்காமல் இருக்க மேலே கம்பிவலை. காட்டிலேயே கிடைக்கும் பொருள், பார்வைக்கும் காட்டோடு ஒட்டிப்போகும். ஆனால் எந்நேரமும் சொட்டும் காட்டில் மரம் சீக்கிரம் மக்கும், பாசி பிடித்தால் வழுக்கும். பிற்பாடு துளையுள்ள கான்கிரீட் கட்டிகளும் பாதையில் இறங்கின. நீர் துளை வழியே கீழே போகும், கால் மேலேயே நிற்கும். மலைமேல் இவற்றைச் சுமந்து சேர்ப்பது சாதாரண வேலையில்லை.

காட்டுக்குள் கான்கிரீட்டா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. புரிந்துகொள்ளக்கூடிய உணர்வுதான். ஆனால் ஒரு மீட்டர் அகலக் கான்கிரீட் கட்டிப் பாதைக்கும் நான்கு மீட்டர் அகல "இயற்கையான" சேற்றுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் கட்டியின் பக்கம் நிற்பேன். எல்லா இடத்திலும் கட்டி போட வேண்டியதும் இல்லை. சரியான இடத்தில் தடம் வைத்தால் பாதி தூரத்துக்கு மேல் வெறும் மண்ணே தாங்கும்.

அந்தச் சரியான இடம் எது என்பதற்குப் பாதை போடுபவர்களிடம் அனுபவ விதிகள் உள்ளன. மலைச்சரிவு எவ்வளவோ, அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் போகக்கூடாது. சரிவு 30 சதவீதம் என்றால் பாதை 15-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் நீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல், பாதையிலேயே இறங்கத் தொடங்கிவிடும். மொத்தத் தூரத்துக்குச் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் வயதானவரும் மூச்சு வாங்காமல் நடப்பார், மண்ணும் நிற்கும். பாதையின் தளம் பள்ளத்துப் பக்கமாக 3 முதல் 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கு அது சமதளமாகவே தெரியும், தண்ணீருக்குத் தெரிந்துவிடும். இடையிடையே பாதை சற்றே இறங்கி மறுபடி ஏறினால், அந்தத் தாழ்விடத்தில் நீர் வெளியேறிவிடும். இவ்வளவுக்கும் ஒரு சிமென்ட் மூட்டைகூடத் தேவையில்லை. சாய்வு அளக்கும் சிறு கருவியும், கலர்த் துணி கட்டிய குச்சிகளும், மழை பெய்யும்போது காட்டுக்குள் நிற்கும் பொறுமையும் போதும்.

புதிதாகப் பாதை குறிப்பவர்களைச் சமதரை ஈர்க்கும். நடக்கச் சுகம், வெட்ட எளிது. மேகக்காட்டில் சமதரைதான் பொல்லாத இடம். நீர் எந்தப் பக்கமும் போக முடியாமல் அங்கேயே குந்திக்கொள்ளும். மொன்டெவெர்டேயின் பாதைகளில் ஒன்று சதுப்புக்காட்டின் ஊடே போகிறது. அத்தகைய இடத்தில் தரையைக் கெட்டிப்படுத்தப் பார்ப்பதைவிட, தரையை விட்டு மேலே எழுந்துவிடுவதே மேல்: கால் நட்டு, பலகைப் பாலம் போட்டு, கீழே நீரை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

வெட்டும் முறையிலும் ஒரு நுணுக்கம். சரிவில் பாதை வெட்டும்போது, மேட்டில் எடுத்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி அதன்மேல் பாதி பாதையை அமைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கொட்டிய மண் ஓரிரண்டு மழைக்காலத்தில் சரிந்துவிடும், பாதையும் கூடவே போகும். முழு அகலத்தையும் அசல் மண்ணிலேயே வெட்டி, எடுத்த மண்ணைக் கூடையில் அள்ளித் தள்ளிப்போய்ப் பரப்ப வேண்டும். வெட்டும்போது பெரிய வேர் குறுக்கிட்டால் அதை அறுக்காமல் பாதையை வளைப்பது நல்லது. வேரோடு மண்ணைப் பிடித்து நிற்கும் மரம், சரிவுக்குப் போட்ட சுவர் மாதிரி.

மேலே அண்ணாந்து பார்க்கவும் வேண்டும். மேகக்காட்டுக் கிளைகள் பாசியும் ஆர்க்கிட்டும் பெரணியும் அவற்றின் அடியில் சேர்ந்த மக்கும் சுமந்து நிற்பவை. நீண்ட மழையில் அந்தச் சுமை தண்ணீர் குடித்துக் கனத்து, கிளை திடுமென முறியும். பாதைக்கு நேர் மேலே இருக்கும் கிளையை என்ன செய்வது? மொன்டெவெர்டேயின் மரமுடிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நளினி நட்கர்ணி, கிளைகளின் பாசிப்போர்வையை உரித்துவிட்டு அது திரும்ப வளர்வதைப் பத்தாண்டுகள் கவனித்தார். மீட்சி மிக மெதுவாகவே நடந்தது. ஆகவே ஆபத்து என்று கிளையைக் கழிப்பதற்கு முன், பாதையை நான்கடி நகர்த்த முடியுமா என்று கேட்பது நியாயம். உட்காரும் பலகையை மட்டும் கனத்த கிளைக்குக் கீழே போடவே கூடாது. நடப்பவர் அந்த இடத்தை நொடியில் கடந்துவிடுவார், உட்காருபவர் அரை மணி நேரம் இருப்பார்.

பாதை வெட்டுவது ஒரு பருவத்து வேலை. வடிகால் வாயில் சேரும் சருகை மண்வெட்டியால் தள்ளிவிடுவது ஆண்டு முழுக்க ஓயாத வேலை. நிதி கொடுப்பவர்களுக்கு முதல் வேலை பிடிக்கும், ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்குக் காசு கேட்டால் யாருக்கும் காது கேட்பதில்லை. கிடைக்கும் பணத்தில் போடக்கூடிய பாதையின் நீளத்தைக் கணக்கிடாமல், ஆண்டுதோறும் பராமரிக்கக்கூடிய நீளத்தைக் கணக்கிட்டு அந்த அளவோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

வாசலில் கூட்டம்

1970-களின் நடுவில் மொன்டெவெர்டேக்கு ஆண்டுக்குச் சில நூறு பேர் வந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய 50,000. கெட்சால் பறவையும் பொன்தேரையும் உலக அளவில் பேசப்பட்டதும், கோஸ்டா ரிகா முழுவதுமே இயற்கைச் சுற்றுலாவுக்குப் பேர்போனதும் காரணம்.

நிர்வாகம் எடுத்த நடவடிக்கைகளில் முக்கியமானது, ஒரே நேரத்தில் பாதைகளில் இருக்கக்கூடியவர்களுக்கு உச்சவரம்பு வைத்தது. நாளுக்கு இத்தனை பேர் என்று வைப்பதைவிட இது கூர்மையான கருவி. நெரிசலை நாள் கணக்கில் யாரும் உணர்வதில்லை. காலை ஏழரை மணிக்குக் கெட்சால் இருக்கும் மரத்தடியில் ஐம்பது பேர் கழுத்தை நீட்டி நிற்கும்போதுதான் உணர்கிறோம். உள்நாட்டவருக்குக் குறைந்த கட்டணம், வெளிநாட்டவருக்கு அதிகம் என்ற பிரிவும் இருந்தது. சொந்த நாட்டுக் காட்டைப் பார்க்க உள்ளூர்ப் பிள்ளை காசு இல்லாமல் வாசலில் நிற்கக்கூடாது என்பதால் இதை ஆதரிக்கிறேன்.

ஊர்க்காரர்கள் கையில் எடுத்த இன்னொரு கருவி சாலை. மலையேறும் கரடுமுரடான மண்சாலையைத் தார்ச்சாலையாக்கும் யோசனைக்கு ஊரில் நெடுங்காலம் எதிர்ப்பு இருந்தது. சாலை மோசமாக இருந்தால், சிரமப்பட்டு வந்தவர் இரவு தங்கிப் போவார். சாலை வழுவழுப்பானால் காலையில் பேருந்தில் வந்து மாலையில் இறங்கிவிடும் கூட்டம் பெருகும். ஊருக்கு மிஞ்சுவது குப்பையும் புகையும். பால் வண்டி ஓட்டுபவருக்கும் அவசரத்துக்கு மருத்துவமனை போக வேண்டியவருக்கும் அதே சாலை வேறு மாதிரித் தெரிந்திருக்கும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. 2010-களின் இறுதியில் தார் வந்து சேர்ந்தது.

இவ்வளவிலும் ஒரு கேள்வி வாசலிலேயே நின்றது. சீட்டுக் காசு தலைநகரை மையமாகக் கொண்ட அமைப்பின் கணக்குக்குப் போகிறது. அது காட்டைக் காக்கவே செலவாகலாம்; அதை நான் சந்தேகிக்கவில்லை. பக்கத்து ஊருக்கு என்ன வருகிறது? விடுதி வைத்தவருக்கு வந்தது, வழிகாட்டிக்கு வந்தது. 1982-இல் பெண்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய காசெம் என்ற கைவினைக் கூட்டுறவு, பயணிகளுக்குத் துணிவேலைப்பாடுகள் விற்று வளர்ந்தது. ஆனால் விடுதியும் இல்லாத, ஆங்கிலமும் தெரியாத, மாடு மேய்க்கும் குடும்பத்துக்கு அந்தக் காட்டில் நேரடிப் பங்கு எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்துக் காடு

சான்டா எலெனா பள்ளிக்கு அந்த 310 ஹெக்டேர் கிடைத்ததன் நோக்கமே வேறு. 1977 முதல் 1983 வரை மாணவர்களின் வேளாண் பயிற்சிக்கு அந்த நிலத்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சுமார் 1,700 மீட்டர் உயரம், ஓயாத ஈரம், மூடிய வானம், பயிர் சரிப்படவில்லை. விவசாயத்துக்கு லாயக்கில்லாத நிலம் என்று கைவிடப்பட்டதுதான் அந்தக் காட்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். 1989 வாக்கில் அதைக் காப்புக்காடாகத் திறக்கும் யோசனை உருவெடுத்தது. கனடாவின் யூத் சேலஞ்ச் இன்டர்நேஷனல் அமைப்பின் இளைஞர்கள் பாதை போட உதவினார்கள். 1992-இல் வாசல் திறந்தது.

மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர், நான்கு சுற்றுப்பாதைகள். மிகச் சிறியது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அதில் ஒரு பார்வைக் கோபுரம். மேகம் விலகும் நாளில் அங்கிருந்து அரெனால் எரிமலை தெரியும். மிக நீளமானது ஐந்து கிலோமீட்டரை ஒட்டியது. இந்த அமைப்பில் கவனிக்கத்தக்கது சுற்று வடிவம். போன வழியே திரும்பும் பாதையில் ஒவ்வொரு காலடியும் இரண்டு முறை விழுகிறது, எதிரே வருபவருக்கு ஒதுங்க ஓரம் மிதிபடுகிறது. சுற்றுப்பாதையில் ஒரே திசையில் நடக்கச் சொன்னால் நூறு பேர் உள்ளே இருந்தாலும் பத்துப் பேர்தான் கண்ணில் படுவார்கள். வெவ்வேறு நீளம் இருப்பதால் குழந்தையோடு வருபவர் நெடும்பாதையில் மாட்டிக்கொண்டு குறுக்கே புகுந்து வரமாட்டார்.

இங்கே வருமானம் பள்ளிக்கு உதவுகிறது. காட்டைக் கெடுத்தால் யாருடைய பிள்ளையின் படிப்பு கெடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எந்தக் கண்காணிப்புக் குழுவும் இதைவிட நன்றாகக் கணக்குக் கேட்காது என்று நினைக்கிறேன். பெரிய காப்புக்காட்டில் நெரிசல் என்று ஒதுங்கும் பயணிகளும் இங்கே வந்தார்கள். முதல் காட்டின் உச்சவரம்பு இரண்டாவது காட்டுக்கு வாடிக்கையாளரைத் தந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டிலும் பலவீனம் உண்டு. ஆசிரியர்களுக்குப் பள்ளி நடத்தத் தெரியும். வடிகால் சாய்வு தெரிய வேண்டும் என்பதில்லை. வருமானத்தில் பள்ளிக் கூரைக்கு எவ்வளவு, பாதைக்கு எவ்வளவு என்ற இழுபறி எந்த ஊரிலும் வரும். கூரை ஒழுகினால் அது எல்லார் கண்ணிலும் படும். பாதை ஒழுகுவதைக் காவலர் மட்டும்தான் பார்ப்பார். இப்படிப்பட்ட அமைப்பை வேறெங்காவது தொடங்கினால், சீட்டு வருமானத்தில் இன்ன பங்கு பாதைக்கு என்று விதியிலேயே எழுதிவிடுவது உசிதம்.

பாதை போகாத காடு

பொன்தேரையைப் பற்றிப் பேசாமல் மொன்டெவெர்டேயை முடிக்க முடியாது. முகட்டுக் குட்டைமரக் காட்டில், மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் குட்டைகளில் கூடி இனம்பெருக்கிய, ஆரஞ்சு நிறம் கொழுந்துவிட்ட தேரை. அறிவியல் உலகுக்கு 1966-இல் அறிமுகமானது. 1987-இல் 1,500-க்கும் மேல் காணப்பட்டவை, 1989-இல் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 2004-இல் அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. வறட்சியும் காலநிலை மாற்றமும் ஒரு பக்கம், தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை மறுபக்கம் என்று காரணம் பற்றிய விவாதம் நெடுநாள் நடந்தது. 1999-இல் ஆலன் பவுண்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும், அந்த மலையில் வறண்ட பருவத்தில் மூடுபனி இல்லாத நாட்கள் கூடிவருவதைக் காட்டினார்கள். நடைபாதையை எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் தடுத்திருக்க முடியாத இழப்பு இது. ஆனாலும் ஈரச் சேற்றில் அந்தப் பூஞ்சை இடம்பெயரக்கூடும் என்பதால், தவளை வாழும் காட்டுப் பாதையின் வாசலில் காலணியைத் தேய்த்துக் கழுவ ஏற்பாடு செய்வது சின்ன செலவு, நல்ல காப்பு.

கெட்சாலின் கதை வேறு விதம். பாதையோரக் காட்டவகாடோ மரங்களில் பயணிகள் அதைப் பார்த்துப் படமெடுத்தார்கள். பவலும் அவருடைய சக ஆய்வாளர் ராபின் பியோர்க்கும் பறவைகளின் உடலில் சிறு வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, இனப்பெருக்கம் முடிந்ததும் அவை காப்புக்காட்டை விட்டுக் கீழே, துண்டு துண்டாக எஞ்சிய தனியார் காடுகளுக்குப் போவது தெரிந்தது. சீட்டு வாங்கிப் பார்க்கும் பறவை, ஆண்டின் ஒரு பகுதியைச் சீட்டு விற்காத காட்டில் கழிக்கிறது! சரிவுக் காடுகளை இணைக்கும் உயிரியல் இணைப்புப்பாதை முயற்சிகளுக்கு இந்த வகைக் கண்டறிதல்களே வலுவூட்டின.

இதே மலையில் மூன்றாவதாக ஒரு காடு இருக்கிறது. 1987-இல் சுவீடனின் ஒரு கிராமப் பள்ளிக் குழந்தைகள் காசு சேர்த்து அனுப்பியதில் தொடங்கி, பல நாட்டுக் குழந்தைகளின் உண்டியலால் விரிந்த குழந்தைகளின் நித்திய மழைக்காடு. 1986-இல் உருவான மொன்டெவெர்டே பாதுகாப்புக் கழகம் அதைப் பராமரிக்கிறது. இன்று 22,000 ஹெக்டேருக்கும் மேல். நாட்டின் மிகப்பெரிய தனியார் காப்புக்காடு. அதில் பொதுமக்கள் நடக்கத் திறந்திருப்பது பாஹோ தெல் திக்ரே போன்ற சில இடங்கள் மட்டும். மீதியில் பாதையே கிடையாது, அல்லது காவலர் தடம் மட்டும். நடைபாதைத் திட்டத்தின் வரைபடத்தில் பாதை போகாத பகுதியையும் முதலிலேயே வண்ணம் தீட்டிக் குறிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். குறிக்காமல் விட்ட இடத்துக்கு ஐந்தாம் ஆண்டில் யாராவது ஒரு "சின்ன" நீட்டிப்பைக் கேட்டு வருவார்கள்.

பாதை இல்லாத காட்டுக்கு வருமானம்? 1998-இல் அந்தக் கழகம் லா எஸ்பெரான்சா என்ற தனியார் நீர்மின் நிலையத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. மின்நிலையத்துக்கு நீர் தரும் மேட்டுக்காட்டைக் கழகம் காக்கும். அதற்காக மின்நிலையம் ஹெக்டேர் கணக்கில் பணம் தரும். நாடு முழுவதும் காடு காப்போருக்குப் பணம் தரும் முறை 1996-ஆம் ஆண்டு வனச்சட்டத்தின் கீழ் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்திருந்தது. 1951-இல் குவேக்கர்கள் சொன்ன அதே காரணம், இப்போது ரசீதோடு.

2020 மார்ச்சில் கோஸ்டா ரிகா எல்லையை மூடியது. வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருந்த வாசல்களில் வருமானம் நின்றது. காவலர் சம்பளமும் வடிகால் வேலையும் நிற்க முடியாதவை. சீட்டு விற்பனை ஒன்றையே நம்பி எழுதப்படும் நடைபாதைத் திட்டங்களை அதற்குப் பிறகு சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. காட்டுக்குக் கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர், பாய்ச்சுபவர், சுழலி ஓட்டுபவர் யாரார் என்ற பட்டியலும், அவர்கள் ஆண்டுக்குத் தரப்போகும் தொகையும், பாதையின் முதல் மீட்டருக்கு மதிப்பீடு போடும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.